மைலோ டின்னில் நான்கு சீட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

பள்ளியில் நான்காம் படிவப் பிள்ளைகளுக்கு இன்று இரத்தச் சோதனை. கிளினிக்கிலிருந்து மூன்று தாதியர் வந்து என் அறிவியல் கூடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தலசீமியா என்ற இரத்த நோய் யாருக்காவது மறைந்து கிடக்கிறதா என்று பார்க்கத்தான். ரக்பி ஆடும் தடியன் ஒருவன் ஊசியைக் கண்டதுமே சரிந்தான். என் தேநீரைக் கொடுத்து அவனை உட்கார வைத்தேன். பெண்பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அவன் இந்த வருடம் முழுக்கத் தலை நிமிர மாட்டான்.

தாதி ஒருத்தி மலாயில் விளக்கம் சொல்ல ஆரம்பித்து இழு இழு என்று இழுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நானே எழுந்து இரண்டு நிமிடத்தில் முடித்தேன். நோய் வெளியே தெரியாமல் அதைச் சுமந்துகொண்டு நடக்கிறவர்கள் உண்டு. அப்பாவும் அம்மாவும் அப்படிப்பட்டவர்கள் என்றால் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அவ்வளவுதான். "பாண்டாய்லா சிக்கு", கெட்டிக்கார டீச்சர்தான் என்று அவள் மெச்சினாள்.

ஆகஸ்டில் அறுபது, ஓய்வு. முப்பத்துமூன்று வருடம் பயோலஜி. சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் டியூஷனையும் சேர்த்தால் எத்தனை பிள்ளைகளுக்கு உயிரணுவையும் ஒளிச்சேர்க்கையையும் ஊட்டியிருப்பேன் என்று கிரிகரியிடம் கேட்டேன். ரயில்வேயில் ஆயுளைக் கழித்த மனிதர். நாங்கள் டிக்கெட்டைத்தான் எண்ணுவோம், ஆளை எண்ணுவதில்லை என்றார். புருஷனிடம் போய்ப் பாராட்டு எதிர்பார்த்தேன் பாருங்கள்.

மார்ச் 8, சனி

டியூஷனில் ஐந்தாம் படிவத்துக்கு மரபியல். மைலோ டின்னை எடுத்து மேசையில் வைத்ததுமே கைதட்டல். அண்ணன், அக்கா சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

டின்னுக்குள் நான்கு சீட்டு. ஒன்று சிவப்பு, மூன்று வெள்ளை. நான்கு பேர் வரிசையாக வந்து ஆளுக்கு ஒன்றை எடுக்க வேண்டும். அவர்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சிவப்பு வந்தவன் நோயாளி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும். மற்ற மூன்று பேரும் 'தப்பிச்சாச்சு' என்று கத்த வேண்டும். நாலில் ஒன்று. சாகிற வரைக்கும் மறக்காது. பள்ளியில் மலாயில் ஒரு வாரம் மாரடிப்பதை இங்கே தமிழில் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுவேன். எஸ்.பி.எம். தேர்வில் அந்தக் கேள்வியில் என் பிள்ளைகள் மதிப்பெண் விட்டதாகச் சரித்திரம் இல்லை.

வகுப்பு முடிந்ததும் கென்னத் வந்தான். பழைய மாணவன். இப்போது பங்சாரில் ஆடிட்டர். ஆகஸ்டில் எனக்குப் பிரியாவிடை விருந்து, கிள்ளானில் மண்டபம் பார்த்தாயிற்று என்றான். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். பக்கத்து மேசையிலிருந்து "டீச்சர்" என்று ஒரு குரல். விஷ்ணுப்ரியா. 2010 டியூஷன் பிள்ளை, முதல் வரிசை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். புருஷன் முகுந்தன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். இரண்டு பிள்ளைகள். யாழினிக்கு ஏழு வயது, கவினுக்கு மூன்று. இருவர் முகத்திலும் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெளிறல். முப்பத்துமூன்று வருட உத்தியோகம், பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

தலசீமியா. இருவருக்குமே. மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்ற வேண்டும். அவள் படித்த காலத்தில் பள்ளியில் சோதனை கிடையாது. யாழினி பிறந்து எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்ததாம்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்த சந்தோஷத்தில் பேசிக்கொண்டே போனாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதினால்தான் உண்டு.

"மூத்தவளுக்கு வந்தப்ப உடஞ்சு போயிட்டேன் டீச்சர். அப்புறம் உங்க டின் ஞாபகம் வந்துச்சு. செவப்பு சீட்டு வெளிய வந்துருச்சு, இனி மூணும் வெள்ளதானேன்னு தைரியமா கவின பெத்துக்கிட்டேன். கிளினிக்ல டாக்டர் படமெல்லாம் போட்டு விளக்குனாரு. நான் பயோலஜில ஏ, எனக்குத் தெரியும்னு சொல்லிட்டேன்."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மாமியார் அவள் ராசியைக் குற்றம் சொல்கிறாராம். "டின்ல ஒரே ஒரு செவப்புதானே டீச்சர் இருக்கும்? எனக்கு மட்டும் எப்படி ரெண்டு வந்துச்சு?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். வகுப்பில் பார்க்கும் அதே பார்வை. நான் என்ன சொன்னேன்? "கடவுள் நல்லவங்களத்தான் சோதிப்பாரும்மா" என்றேன். நான் — பயோலஜி டீச்சர் — அப்படிச் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். இன்னும் ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். இரண்டு சிவப்பு வந்துவிட்டது, இனியுமா வரும் என்று ஒரு கணக்கு. நான் ரசத்தைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். கிரிகரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 10, திங்கள்

என் தப்பை மறைக்கக் கடவுளை இழுத்திருக்கிறேன்.

மார்ச் 15, சனி

இன்று டின்னை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள். துருப்பிடித்துவிட்டது என்றேன்.

எடுத்த சீட்டைத் திரும்ப டின்னுக்குள் போட்டுக் குலுக்கிவிட்டுத்தான் அடுத்தவன் எடுக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளையும் புதுக் குலுக்கல். அக்காவுக்கு வந்தது தம்பிக்குத் தெரியாது. முதல் பிள்ளைக்கு நான்கில் ஒன்று, இரண்டாவதற்கும் அதே நான்கில் ஒன்று, பத்தாவதற்கும் அதேதான். பாடநூலில் இருக்கிறது. எனக்கும் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் மனசு இப்படி அறுக்காது. திரும்பப் போட்டு எடுத்தால் சில சமயம் நான்கும் வெள்ளையாக வரும், சில சமயம் இரண்டு சிவப்பு வந்து நிற்கும். பிள்ளைகள் குழம்புவார்கள், கேள்வி கேட்பார்கள், நேரம் போகும். பரீட்சைக்கு வேண்டியது நாலில் ஒன்று என்ற விடை மட்டும்தான். அதனால் சீட்டை வெளியிலேயே வைத்துக்கொண்டேன்.

ஒரு பையன் எழுந்து கேட்டதுகூட ஞாபகம் வருகிறது. சீட்டைத் திரும்பப் போட வேண்டாமா என்று. பரீட்சைக்கு வராது, உட்காரு என்றேன். எந்த வருடம், யார், ஒன்றும் நினைவில்லை. விஷ்ணுப்ரியா செட் இல்லை. இருக்காது.

ஏப்ரல் 16, புதன்

பெரிய வியாழனுக்கு முன்னால் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். கோபம், புறணி, பூசைக்குப் பிந்திப் போனது எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. இது பாவமா, பாடத்தில் வந்த பிழையா? ஃபாதர் என்ன பயோலஜி படித்தவரா? இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மே 3, சனி

விஷ்ணுப்ரியாவுக்கு வாட்ஸ்அப்பில் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். ஒன்று பாடமாக இருந்தது. ஒன்று அழுகையாக இருந்தது. மூன்றாவதில் 'அன்றைக்கு நீ சரியாகப் புரிந்துகொள்ளவில்லை' என்று ஆரம்பித்திருக்கிறேன். அடிப்பாவி. அவள் சரியாகத்தானே புரிந்துகொண்டாள். நான் என்ன காட்டினேனோ அதைத்தான் புரிந்துகொண்டாள்.

விருந்துக்கு நூற்றிருபது பேர் வருவதாகக் கென்னத் சொன்னான். விருந்து முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 21, சனி

விஷ்ணுப்ரியாவிடமிருந்து செய்தி. "டீச்சர், மூணு மாசம் ஆகுது. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். இந்தத் தடவ கண்டிப்பா வெள்ளதான்." கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை.

மார்ச் ஒன்பதாம் தேதியே சொல்லியிருக்கலாம். நூற்று நான்கு நாள் இருந்தது எனக்கு. கையில் ரசம் இருந்தது, வாய் இருந்தது, நாக்கு இருந்தது. ஐயோ.

ஜூன் 22, ஞாயிறு

கிரிகரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பாதி அன்றைக்கே தெரிந்திருக்கிறது. விருந்து முடிந்ததும் போய்ப் பார்க்கிறேன் என்றேன். மனிதர் பேப்பரை மடித்து வைத்தார்.

"தப்பான தண்டவாளத்துல ரயில விட்டா எங்க டிப்பார்ட்மெண்ட்ல சஸ்பென்ட் பண்ணுவாங்க, லூசி. ஒங்களுக்கு டின்னர் போடுறாங்க."

முப்பத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் என்னை இப்படி அறைந்த மாதிரி அவர் பேசியதில்லை. அடுத்த சனிக்கிழமை தானே காரை ஓட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். டியூஷனுக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 28, சனி

சுபாங் ஜெயாவில் அவர்கள் வீடு, ஒன்பதாவது மாடி. கிரிகரி கீழே காரிலேயே இருந்துகொண்டார். முகுந்தன் வேலைக்குப் போயிருந்தான். மாமியார் கோயிலுக்கு. அவள் மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். வேறு எதையாவது கலக்கியிருக்கக் கூடாதா?

டின்னைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். மேசையில் வைத்து, சீட்டைப் போட்டு, எடுத்து, திரும்பப் போட்டு, குலுக்கிக் காட்டினேன். நான் காட்டியது தப்பு, தெரிந்தே சுருக்கினேன், உன் டாக்டர் சொன்னதுதான் சரி, உனக்கு இரண்டு வந்ததற்கு ராசி எதுவும் கிடையாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு சீட்டை எடுத்தாள். வெள்ளை. திரும்பப் போட்டாள். இன்னொன்று. வெள்ளை. திரும்பப் போட்டாள். மூன்றாம் தடவை கையை உள்ளே விட்டவள் எடுக்காமலே வெளியே இழுத்துக்கொண்டாள். அந்தக் கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப இதுக்கும் அதே நாலுல ஒண்ணுதானா?"

"ஆமாம்மா."

கவின் வந்து டின்னை உருட்டி விளையாடினான். அவள் தடுக்கவில்லை. பிறகு சொன்னாள், கோபமில்லாமல், ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி:

"கென்னத் கேட்டான் டீச்சர். திரும்பப் போட வேணாமான்னு அன்னிக்கு எழுந்து கேட்டான். நீங்க உட்காருன்னு சொன்னீங்க. அதனாலதான் அவன் கேட்டது தப்புன்னு எனக்கு நல்லா பதிஞ்சு போச்சு."

அவள் செட்தான். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோதுதான்.

மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தினாள். "அது மட்டும் கேக்காதீங்க டீச்சர். இப்ப முடியாது." பிறகு ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டாள். இதையே வந்து மாமியாரிடம் சொல்ல வேண்டும். ராசி இல்லை, டீச்சர் சொல்லிக் கொடுத்ததுதான் பிழை என்று. வருகிறேன் என்றேன்.

லிஃப்டில் இறங்கும்போது பார்க்கிறேன், டின்னை அங்கேயே விட்டு வந்திருக்கிறேன். திரும்பப் போய் எடுக்கத் துணிவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். கிரிகரி நம்பவுமில்லை, கேட்கவுமில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மாமியார் பெயர் லோகேஸ்வரி. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். டீச்சர் என்றதும் நல்ல நாற்காலியைக் காட்டினார். நான் நின்றுகொண்டே சொன்னேன். என் பாடம் பிழை, உங்கள் மருமகள் கெட்டிக்காரியாக இருந்ததால் அதை நம்பினாள், ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இந்த நோய் வர வேண்டுமானால் அப்பா, அம்மா இரண்டு பக்கமும் இருந்தாக வேண்டும்.

அவர் காதில் விழுந்தது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான். என் மகன் இரத்தத்தில் என்ன குறை என்று எழுந்துவிட்டார். எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடையாது, வேதக்காரம்மா வீடு தேடி வந்து பழி போடுகிறாள் என்றெல்லாம் பேசினார். வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொள்ளத்தானே போனேன்.

முகுந்தன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். "ரிப்போர்ட்ல இருக்கும்மா" என்றான். "ரெண்டு பேருக்கும் இருக்கு. ஏழு வருஷமா எனக்குத் தெரியும். நீங்க அவள பேசுறப்ப நான் சும்மா இருந்துட்டேன்."

விஷ்ணுப்ரியா அவனைப் பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கக் கூடாது. அது அவர்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டியது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். என்னைப் போலவே இன்னொரு ஆள், வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். அதில் எனக்கு ஒரு துளி நிம்மதி வந்தது. அதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

ஜூலை 19, சனி

முகுந்தன் செய்தி அனுப்பினான். வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்கு நோய் உண்டா என்று ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். கலைந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் வேண்டாம் என்றுவிட்டாளாம். இந்தத் தடவை எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டாள் என்று எழுதியிருக்கிறான். ஒரு மணி நேரம் கேட்டாளாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நேற்று விருந்து. பட்டுப்புடவை, மாலை, மூன்று அடுக்குக் கேக். விஷ்ணுப்ரியா வரவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் கென்னத் மைக்கைப் பிடித்தான். மேடைக்குப் பெரிய அண்டா அளவில் ஒரு மைலோ டின் வந்தது, பச்சைப் பெயின்ட் அடித்து. நான்கு பழைய மாணவர்கள் ஏறினார்கள், நான்கு பேரும் தொப்பை போட்ட ஆட்கள். ஒருவன் சிவப்புத் துணியை இழுத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். மண்டபமே 'தப்பிச்சாச்சு' என்று கத்தியது. நூற்றிருபது பேர். எல்லாருக்கும் மனப்பாடம். அவர்களில் எத்தனை பேர் யார் யாருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்களோ?

நான் மேடையேறி மைக்கை வாங்கினேன். துணியைத் திரும்ப டின்னுக்குள் போடச் சொன்னேன். சிரித்தார்கள். போடு என்றேன், வகுப்புக் குரலில். விழுந்தவன் எழுந்து போட்டான். இதுதான் சரி, முப்பத்துமூன்று வருடம் தப்பாகக் காட்டினேன், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கும் உள்ளே இருக்கும், தயவுசெய்து யாரும் என் கணக்கை வைத்துப் பிள்ளை பெறாதீர்கள் என்றேன். பிறகு கென்னத்திடம், 2010-இல் நீ கேட்ட கேள்வியை எல்லார் முன்னாலும் மறுபடி கேள் என்றேன்.

அவனுக்கு ஞாபகமே இல்லை. சங்கடமாகச் சிரித்தான். "நான் எங்க டீச்சர் கேள்வியெல்லாம் கேட்டேன். நீங்கதான் விட மாட்டீங்களே லா." மண்டபம் மறுபடி சிரித்தது. டீச்சர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். கோழிப் பிரட்டல் வந்தது.

ஒரே ஒருத்தி, பெயர் நினைவில்லை, கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். அவள் அக்காவுக்கு மூத்த பிள்ளை அப்படியாம். என் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 20, திங்கள்

விஷ்ணுப்ரியாவுக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. மற்ற வருடங்களில் அவள்தான் முதலில் அனுப்புவாள்.

டிசம்பர் 29, திங்கள்

முகுந்தன் போன் செய்தான். ஆண் பிள்ளை, நேற்றுப் பிறந்தது, மூன்று கிலோ, இருவரும் நலம். பிள்ளைக்கு நோய் இருக்கிறதா என்பது சில மாதம் கழித்துத்தான் தெரியவருமாம்.

பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். ஜனவரியில் மூத்த இரண்டு பேருக்கும் இரத்தம் ஏற்றும் நாள் வருகிறது. அம்மா பிரியாவுக்குப் பத்தியம் பார்க்கிறார், தனக்கு விடுப்பு இல்லை. ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகளோடு ஆஸ்பத்திரியில் உட்கார ஆள் வேண்டும்.

"நான் கேக்கல டீச்சர். அவதான் உங்களக் கேக்கச் சொன்னா."

ஜனவரி 20, செவ்வாய்

காலை ஏழரைக்கே கிரிகரி எங்களை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். கவின் ஊசி குத்தும்போது அழுதான், பிறகு என் மடியிலேயே தூங்கிவிட்டான். யாழினி அழவில்லை. எந்தக் கையில் நரம்பு நன்றாகக் கிடைக்கும் என்று அவளே தாதிக்குக் காட்டிக் கொடுத்தாள். எட்டு வயது ஆகப் போகிறது. அம்மாவின் கையெழுத்து அவளுக்கும் வந்திருக்கிறது, முத்து முத்தாக. கொஞ்ச நேரம் வீட்டுப் பாடம் எழுதினாள்.

பிறகு பென்சிலை வைத்துவிட்டுத் தொங்கும் இரத்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பணு என்றால் என்ன என்று கேட்டாள். மூச்சுக் காற்றைச் சுமந்து உடம்பு முழுக்கக் கொண்டுபோய்க் கொடுக்கும், உன்னுடையது சீக்கிரம் உடைந்துவிடுகிறது, அதனால் இரவல் வாங்குகிறோம் என்றேன். சுருக்கவில்லை. அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன். அரை மணி நேரம் ஆனது.

"டீச்சர், பாப்பாவுக்கும் இப்படி ஏத்துவாங்களா?"

"தெரியாதும்மா."

முப்பத்துமூன்று வருடத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு நான் இந்தப் பதிலைச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, ஏமாந்துவிடுவாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அம்மாவும் அதேதான் சொன்னாங்க" என்றாள். பென்சிலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.

பையில் இன்னும் பாதி இருந்தது. கவினின் தலையை மறு தொடைக்கு மாற்றிக்கொண்டேன்.